துணி துவைக்கிற மெஷினை யார் துவைக்கிறது?

1/
இன்னைக்கு சுகர், பிரஷர், காய்ச்சல் எதுவும் இல்லை. உங்க வீட்டு வாஷிங் மெஷினைப் பத்தி ஒரு நீண்ட இழை. டாக்டருக்கும் வாஷிங் மெஷினுக்கும் என்னய்யா சம்பந்தம்னு கேட்கலாம். இருக்கு. பொறுமையா படிங்க 👇

2/
மூணு மாசம் முன்னாடி ஓ.பி.யில ஒரு குடும்பம். ஆலங்குடி பக்கம் ஒரு கிராமம். அப்பா, அம்மா, ரெண்டு பிள்ளைங்க, அப்பத்தா. அஞ்சு பேருக்கும் படர்தாமரை. இடுப்பு, தொடை இடுக்கு, அக்குள்னு வட்ட வட்டமா. ஆறு மாசமா மெடிக்கல்ல கேட்டு வாங்கின க்ரீமைத் தடவியிருக்காங்க. தடவினா அடங்கும். விட்டா முன்னைவிடப் பெருசா வரும்.

3/
வழக்கமா சொல்றதைச் சொன்னேன். "அந்த க்ரீம்ல ஸ்டீராய்டு இருக்கு, இன்னையோட நிறுத்துங்க. மாத்திரையை சொன்ன நாள் வரைக்கும் சாப்பிடுங்க. ஒவ்வொருத்தர் துணியையும் தனித்தனியா துவைங்க."

அந்த அம்மா கேட்டாங்க: "அஞ்சு பேருக்கு அஞ்சு தடவை மிஷின் ஓட்டணும்னா தண்ணிக்கு எங்க சார் போறது? குழாயில தண்ணி வர்றதே ஒருநாள் விட்டு ஒருநாள்தான்."

என்கிட்ட பதில் இல்லை. சமாளிக்கறதுக்காக, "மெஷினைக் கடைசியா எப்பம்மா கழுவினீங்க?"ன்னு கேட்டேன். சிரிச்சிட்டாங்க. "அதுவே துவைக்கிற மிஷின் சார். அதைப் போயி யாராச்சும் கழுவுவாங்களா?"

4/
அந்த ஞாயித்துக்கிழமை எங்க வீட்டு மெஷினைத் திறந்து பார்த்தேன். ஃப்ரன்ட் லோட். கதவோரம் இருக்கிற ரப்பர் வளையத்தை விரலால இழுத்தா, மடிப்புக்குள்ள கறுப்பா வழவழன்னு ஒரு படலம். ஊறிப்போன பஞ்சு, ஒரு ஹேர்பின், ஒரு ரெண்டு ரூபாய் காசு. சோப்புத்தூள் ட்ரேயை உருவினா பின்பக்கம் பூசணம்.

எங்கம்மா ரெண்டு மாசமா "துணி ஒரு மாதிரி வாடை அடிக்குதுடா"ன்னு சொல்லிட்டே இருந்தாங்க. நான் என்ன செஞ்சேன்? சோப்புத்தூளை மாத்தச் சொன்னேன். அதாவது, மெடிக்கல்ல க்ரீம் மாத்தித் தடவின அந்தக் குடும்பம் செஞ்ச அதே வேலை.

5/
முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். பயமுறுத்த வரலை. ஆரோக்கியமா இருக்கிறவங்களுக்கு அழுக்கு மெஷினால பெரிய ஆபத்து வர்றதில்லை. வாடை அடிக்கும், அவ்வளவுதான்.

ஆனா எல்லா வீட்லயும் எல்லாரும் ஆரோக்கியமா இருக்கிறதில்லை. பச்சைக் குழந்தை இருக்கும். சுகர் புண்ணுக்குக் கட்டு போட்டவர் இருப்பார். கீமோ எடுக்கிறவர், டயாலிசிஸ் போறவர் இருப்பார். வீடே சொறிஞ்சிட்டிருக்கிற படர்தாமரைக் குடும்பம் இருக்கும். இந்த இழை முக்கியமா அவங்களுக்கு.

6/
தினம் சோப்பு போடுற மெஷின்ல எப்படி அழுக்கு சேரும்?

துவைச்சு முடிச்ச பிறகும் உள்ளே ஈரம் இருக்கும். நம்ம தோலிலிருந்து உதிர்ந்த செதில், வியர்வை எண்ணெய், பஞ்சு, கரையாத சோப்புத்தூள், வாசனைக்கு ஊத்துற கண்டிஷனர் எல்லாம் டிரம்முக்கு வெளிப்பக்கம், நம்ம கண்ணுக்குத் தெரியாத இடத்துல ஒட்டும். மூடியை மூடிட்டா இருட்டு, ஈரம், சாப்பாடு மூணும் தயார். கிருமிகள் அங்கே ஒண்ணா சேர்ந்து ஒரு கொழகொழப்பான படலம் கட்டிக்கும். இதுக்குப் பேர் பயோஃபிலிம். பல் தேய்க்காம விட்டா பல்லுல படியுமே, அதே சங்கதி. சாதாரண சோப்புத்தண்ணி மேலோட்டமா ஓடிப்போகும், படலம் போகாது.

7/
அந்த ஈரத்துணி வாடைக்கும் காரணம் உண்டு. மொராக்செல்லா ஒஸ்லோயென்சிஸ்னு ஒரு பாக்டீரியா. துவைச்ச துணியில மிஞ்சி இருந்து, ஈரத்துல பெருகி, வியர்வை எண்ணெயை உடைச்சு அந்த நாத்தத்தை உண்டாக்குதுன்னு ஜப்பான் ஆராய்ச்சியாளர்கள் 2012ல காட்டினாங்க. அதனால வாடை வந்தா சோப்பு வாசனையை ஏத்தாதீங்க. "இங்கே ஏதோ வளருது"ன்னு மெஷின் சொல்லுது. கேட்டுக்கோங்க.

8/
இது வெறும் வாடையோட நிக்காத ஒரு சம்பவம். ஜெர்மனியில ஒரு மருத்துவமனை, பச்சிளம் குழந்தைகள் பிரிவு. 2012 ஏப்ரல்ல இருந்து 2013 மே வரைக்கும், க்ளெப்சியெல்லா ஆக்ஸிடோகாங்கிற கிருமி, பல ஆன்டிபயாட்டிக்குக்கு அடங்காத வகை, குழந்தைகள் உடம்புல திரும்பத் திரும்பத் தென்பட்டுச்சு. பிறந்த குழந்தைகள் 13 பேர். பெரிய குழந்தை ஒண்ணு.

ஊழியர்களைச் சோதிச்சாங்க, இன்குபேட்டரைச் சோதிச்சாங்க. கிடைக்கலை. கடைசியில குழந்தைகளோட கம்பளித் தொப்பியும் காலுறையும் துவைக்கிற மெஷின்ல கிடைச்சுது. ஆஸ்பத்திரி மெஷின் இல்லை, வீட்டுல வைக்கிற சாதாரண மெஷின். சோப்பு ட்ரேயிலயும் கதவு ரப்பர்லயும் கிருமி உக்காந்திருந்துச்சு. மெஷினைத் தூக்கினதும் பரவல் நின்னுச்சு. நல்லவேளை, எந்தக் குழந்தைக்கும் நோயா மாறலை. 2019ல இது ஆய்வுக் கட்டுரையா வந்துச்சு.

அதே ட்ரே, அதே ரப்பர். எங்க வீட்டுல நான் கறுப்பைப் பார்த்த அதே ரெண்டு இடம்.

9/
இப்போ படர்தாமரை. இந்தியாவுல பத்துப் பன்னெண்டு வருஷமா இது பழைய படர்தாமரை இல்லை. ரெண்டு வாரம் களிம்பு போட்டா போயிடும்கிற காலம் போச்சு. இப்போ பரவுற பூஞ்சைக்கு 2020ல புதுப்பேரே வச்சாங்க: ட்ரைக்கோஃபைட்டான் இண்டோடினியே. வழக்கமான மருந்துக்குச் சீக்கிரம் மசியாத வகை. ஸ்டீராய்டு க்ரீம் அதுக்குப் போடுற உரம்.

இந்த மாதிரிப் பூஞ்சைகளோட விதைத்தூள் நம்ம தோல் செதிலோட துணியில ஒட்டி இருக்கும். 30, 40 டிகிரித் தண்ணியில துவைச்சா முழுசா சாகாது, 60 டிகிரியில துவைச்சா சாகும்னு ஆய்வுகள் சொல்லுது. நம்ம ஊர் டாப் லோட், செமி ஆட்டோமேட்டிக் மெஷின்ல பெரும்பாலும் ஹீட்டரே கிடையாது. குழாய்ல வர்ற தண்ணிதான். அதாவது பூஞ்சையைக் குளிப்பாட்டி, அப்பாவோட லுங்கியிலிருந்து பிள்ளையோட பாவாடைக்கு அனுப்பி வைக்கிறோம்.

10/
எங்க அப்பத்தா வெள்ளாவி பத்திச் சொல்லுவாங்க. ஊர்த் துணியை எடுத்துட்டுப் போயி, உவர்மண் கரைச்ச தண்ணியில நனைச்சு, பெரிய பானையில அடுக்கி, ராத்திரி முழுக்க ஆவியில வேக வச்சு, மறுநாள் கண்மாய்க் கரையில கல்லுல அடிச்சு அலசி, வெயில்ல விரிப்பாங்களாம்.

ஒரு டாக்டரா இதைப் பாருங்க. உவர்மண் காரம், அழுக்கையும் எண்ணெயையும் உடைக்கும். ஆவி, கிருமியைக் கொல்லும். வெயில், மிச்சத்தை முடிக்கும். பிள்ளை பெத்த வீட்டுத் துணி, வைசூரி வந்த வீட்டுத் துணி, சாவு வீட்டுத் துணி எல்லாம் அவங்க கையிலதான் போச்சு. ஊரோட தொற்றுநோய்த் தடுப்பு வேலையை அவங்கதான் பார்த்தாங்க. பதிலுக்கு ஊர் அவங்களை எங்கே நிறுத்தி வச்சுதுன்னு நான் சொல்லி உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை.

11/
அப்போ மெஷினைத் தூக்கிப் போட்டுட்டு வெள்ளாவிக்குத் திரும்பணுமா? இல்லவே இல்லை.

குனிஞ்சு குனிஞ்சு துவைச்ச இடுப்புவலி, சோப்புல வெந்து வெடிச்ச விரல்கள், ஈரத்துணி மூட்டையைத் தூக்கின தோள்வலி... இதெல்லாம் எங்க ஓ.பி.யில தினமும் பாக்கறோம். எல்லாமே பெண்கள். 2021 சட்டமன்றத் தேர்தல்ல அ.தி.மு.க. இலவச வாஷிங் மெஷின் தர்றதா வாக்குறுதி கொடுத்தப்போ சிரிச்சவங்க பலபேர். நான் சிரிக்கலை. மிக்ஸி, கிரைண்டர் மாதிரி இதுவும் ஒரு பெண்ணோட முதுகைக் காப்பாத்துற பொருள்.

நான் சொல்றது ஒண்ணுதான். மெஷின் கைவேலையை வாங்கிக்கிச்சு. வெள்ளாவியோட சூட்டை வாங்கிக்கலை. அந்தச் சூட்டையும் வெயிலையும் நாமதான் திருப்பிச் சேர்க்கணும்.

12/
எப்படி? முதல்ல நோய் இருக்கிற வீடு.

மெஷின்ல ஹீட்டர் இருந்தா உள்ளாடை, துண்டு, லுங்கி, நைட்டி, பெட்ஷீட் இதையாவது 60 டிகிரியில ஓட்டுங்க.

ஹீட்டர் இல்லையா? மெஷினுக்கு வெளியே, ஒரு அண்டாவுல ஊற வைங்க. கொதிச்ச தண்ணி ரெண்டு பங்கு, குழாய்த் தண்ணி ஒரு பங்கு. துணி முழுசா முங்கணும். மூடி போட்டு அரைமணி நேரம். ஆறினதும் மெஷின்ல போடுங்க. கொதிதண்ணியை நேரா மெஷின்ல ஊத்தாதீங்க, பிளாஸ்டிக் டப் தாங்காது. அண்டாவைப் பிள்ளைங்க போற வழியில வைக்காதீங்க. வெந்நீர்க் காயத்தோட வர்ற குழந்தைகளையும் நாங்கதான் பாக்கறோம்.

13/
தண்ணிப் பஞ்சம் இருக்கிற வீட்டுக்கு: அஞ்சு பேருக்கு அஞ்சு தடவை வேண்டாம். ரெண்டு தடவை. நோய் இல்லாதவங்க துணி முதல்ல. நோய் இருக்கிறவங்க துணி, வெந்நீர்ல ஊறினது, கடைசியா. எல்லாருக்கும் நோய் இருந்தா எல்லாத்தையும் ஊற வச்சு ஒண்ணாவே போடுங்க. ஆனா உடுத்தினதை மாத்தி உடுத்தாதீங்க. துண்டு ஆளுக்கு ஒண்ணு.

(அந்த அம்மாவுக்கு நான் அன்னைக்கே சொல்லியிருக்க வேண்டிய பதில் இது. அடுத்த வாரம்தான் சொன்னேன்.)

14/
காய வைக்கிறது பாதி வைத்தியம். புதுக்கோட்டையில நமக்கு எது குறைச்சலோ, வெயில் குறைச்சல் இல்லை. துணியை உள்பக்கம் வெளியே வர்ற மாதிரி திருப்பிப் போடுங்க. ஒண்ணு மேல ஒண்ணு போடாதீங்க. உள்ளாடையை வெட்கப்பட்டு சேலைக்கு அடியில ஒளிச்சுக் காயப் போடுற பழக்கம் நிறைய வீட்ல இருக்கு. பெண்களுக்கு இடுக்குல வர்ற படர்தாமரை லேசுல விடாததுக்கு அந்த ஈரமும் ஒரு காரணம். வெயில்ல போடுங்கம்மா. அதுல என்ன வெட்கம்?

ஐப்பசி கார்த்திகை மழையில, ஃபேன் காத்துல காய வச்சு, தையல் ஓரத்துலயும் இடுப்புப் பட்டியிலயும் அழுத்தி அயர்ன் பண்ணுங்க.

15/
சிரங்கு, அதாவது ஸ்கேபீஸ் வந்த வீட்டுக்கும் இதே முறை. அந்தப் பூச்சி 50 டிகிரிக்கு மேல பத்து நிமிஷம் தாங்காது. மனுஷ உடம்பை விட்டு வந்தா பெரும்பாலும் ரெண்டு மூணு நாள்ல செத்துடும். துவைக்க முடியாத போர்வை, தலையணையை பிளாஸ்டிக் பையில இறுக்கிக் கட்டி ஒரு வாரம் ஓரமா வச்சா போதும். எரிக்கத் தேவையில்லை.

16/
இப்போ மெஷின். ப்ளக்கைக் கழட்டிட்டு ஆரம்பிங்க.

ஒவ்வொரு தடவையும்: துவைச்ச துணியை உடனே எடுங்க. ராத்திரி போட்டுக் காலையில எடுக்கிற பழக்கம் வேண்டாம். ஃப்ரன்ட் லோடா இருந்தா ரப்பர் மடிப்பைத் துணியால துடைங்க.

வாரம் ஒரு தடவை: டாப் லோட்ல பஞ்சு சேர்ற வலையைக் கழட்டி உதறிக் கழுவுங்க. சோப்புத்தூள் ட்ரேயை வெளியே உருவி, பழைய டூத் பிரஷ்ஷால தேய்ச்சு வெயில்ல வைங்க.

மாசம் ஒரு தடவை: துணியே போடாம காலியா ஒரு ஓட்டம். டப் க்ளீன் பட்டன் இருந்தா அதை அழுத்துங்க. இல்லைன்னா இருக்கிறதுலயே சூடான, நீளமான ப்ரோக்ராம். ஃப்ரன்ட் லோட்ல கீழே ஒரு சின்னக் கதவு இருக்கும், தண்ணி வெளியேறுற வழியில உள்ள ஃபில்டர். ஒரு தட்டு வச்சுத் திறங்க, தண்ணி கொட்டும். உள்ள என்னெல்லாம் கிடைக்குதுன்னு பாருங்க.

செமி ஆட்டோமேட்டிக்ல டப்புக்கு அடியில சுத்துற தட்டைக் கழட்ட முடிஞ்சா கழட்டிக் கழுவுங்க. அதுக்குக் கீழதான் மொத்தச் சேறும்.

17/
நம்ம மாவட்டத்துக்கு ஒரு கூடுதல் தொல்லை, போர் தண்ணி. பல ஊர்ல உப்பு ஜாஸ்தி. அதுல இருக்கிற கால்சியம், மெக்னீசியம் சோப்போட சேர்ந்து வெள்ளை வெள்ளையாப் படியும். ஹீட்டர்ல ஓடு கட்டும். சொரசொரப்பான இடத்துல படலம் இன்னும் நல்லா ஒட்டும். நுரை வரலைன்னு சோப்புத்தூளை அள்ளிப் போட்டா அந்தச் சோப்பும் மிஞ்சிப் படியும்.

மளிகைக் கடையில எலுமிச்சை உப்பு கேளுங்க, அதான் சிட்ரிக் ஆசிட். சுமார் 100 கிராம் காலி டிரம்ல போட்டு ஒரு முழு ஓட்டம் விடுங்க. ரெண்டு மூணு மாசத்துக்கு ஒரு தடவை போதும். மெஷினோட வந்த புத்தகத்துல வேற முறை சொல்லியிருந்தா அதையே செய்யுங்க. தண்ணி உள்ள வர்ற பைப் முனையில ஒரு குட்டி வலை இருக்கும், குழாயை மூடிட்டு அதையும் கழட்டி மண்ணைத் தட்டுங்க.

18/
இந்த இழையில ஒரே ஒரு பதிவைத்தான் ஷேர் பண்ணுவீங்கன்னா இதைப் பண்ணுங்க.

ப்ளீச்சையும் ஆசிட்டையும் ஒண்ணா கலக்கவே கூடாது. எலுமிச்சை உப்பு, வினிகர், பாத்ரூம் ஆசிட் எதுவா இருந்தாலும் சரி. ப்ளீச்சிங் பவுடரோட, ப்ளீச் திரவத்தோட சேர்ந்தா குளோரின் வாயு வரும். 1915 ஏப்ரல் 22ல முதல் உலகப்போர்ல, பெல்ஜியத்துல ஈப்ர்ங்கிற ஊர்ப் பக்கம் எதிரிப் படை மேல திறந்து விட்டாங்களே, அதே குளோரின். "ரெண்டும் சேர்ந்தா பளிச்சுனு ஆகும்"னு சுத்தற வீடியோக்களை நம்பி, ஜன்னல் இல்லாத பாத்ரூம்ல நின்னு கலக்காதீங்க.

கண் எரிச்சல், விடாத இருமல், நெஞ்சு இறுக்கம் வந்தா எல்லாத்தையும் விட்டுட்டு வெளிக்காத்துக்கு ஓடுங்க. கண்ணை ஓடுற தண்ணியில 15 நிமிஷம் கழுவுங்க. மூச்சு திணறினா 108. இப்போ சரியாயிடுச்சுன்னு வீட்ல படுக்காதீங்க, சில பேருக்கு நுரையீரல்ல நீர் கோர்க்கறது சில மணி நேரம் கழிச்சுத்தான் தெரியும்.

ப்ளீச் போடணும்னா வேற ஒரு நாள். நடுவுல வெறும் தண்ணியில ஒரு ஓட்டம்.

19/
அடுத்தது மூடி. "வாடை வராம இருக்க மூடியைத் திறந்தே வைங்க"ன்னு மெக்கானிக் சொல்லுவார். சரிதான், காத்து போனா படலம் கட்டாது. ஆனா வீட்ல சின்னப் பிள்ளைங்க இருந்தா?

2017 பிப்ரவரியில தில்லி ரோகிணியில மூணு வயசு தாண்டிய இரட்டைக் குழந்தைகள், தண்ணி இருந்த வாஷிங் மெஷினுக்குள்ள விழுந்து இறந்தாங்க. அம்மா கடைக்குப் போயிட்டு வர்ற இடைவெளி.

அதனால பிள்ளைங்க இருக்கிற வீட்ல: மெஷின்ல தண்ணியைத் தேக்கி வைக்காதீங்க, நாளைக்கு ஆகும்னு கூட. பக்கத்துல ஸ்டூல் போடாதீங்க. நீங்க கூட இருக்கும்போது ஒரு மணி நேரம் திறந்து உலர விட்டு, பிறகு மூடிடுங்க. சைல்டு லாக் இருந்தா போடுங்க.

20/
கரன்ட். மெஷினைத் தொட்டா சுர்ருனு இருக்குன்னு சொல்லி, செருப்புப் போட்டுட்டுத் துவைக்கிறவங்களை எனக்குத் தெரியும். அது "லேசா ஷாக்" இல்லை. எர்த் இல்லைன்னு அர்த்தம். மூணு பின் ப்ளக், சரியான எர்த், 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. மூணும் இருக்கான்னு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பாருங்க. நம்ம செம்மண், செம்புறாங்கல் பூமி கோடையில வறண்டு போகும். மண் காஞ்சா எர்த் வேலை செய்யாது. எர்த் குழியில அப்பப்போ தண்ணி ஊத்துங்க. மெஷினுக்கு அடியில எலி புகுந்து வயரைக் கடிக்கும், அடியில வலை அடிச்சு வைங்க.

21/
இதைப் படிக்கிற சக மருத்துவர்களுக்கு ஒரு வார்த்தை. "துணியைத் தனியா துவைங்க"ன்னு ஒரு வரியில சொல்லிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிடறோம். நானும்தான். அவங்க வீட்ல எத்தனை பேர், என்ன மெஷின், தண்ணி எப்போ வரும்னு கேக்கறதில்லை. செய்ய முடியாத அறிவுரையைச் சொல்லிட்டு, நோய் திரும்ப வந்தா "நீங்க ஒழுங்கா செய்யலை"ன்னு திட்டறோம். ஒரு நிமிஷம் கூடுதலா ஆகும். மருந்துச் சீட்டுக்குப் பின்பக்கம் "வெந்நீர், அரைமணி, வெயில், உள்பக்கம் திருப்பி"ன்னு எழுதிக் கொடுங்க. நான் இப்போ அப்படித்தான் செய்றேன்.

22/
அந்த ஆலங்குடிக் குடும்பம் திரும்ப வந்தாங்க. நாலு பேருக்கு நல்லா ஆயிடுச்சு. அப்பத்தாவுக்கு மட்டும் இன்னும் மருந்து போயிட்டிருக்கு. மாத்திரை சாப்பிட்டதாலயா, க்ரீமை நிறுத்தினதாலயா, அண்டா வெந்நீராலயான்னு என்னால பிரிச்சுச் சொல்ல முடியாது. மெஷினைக் கழுவினா படர்தாமரை போயிடும்னு நான் சொல்லவே மாட்டேன். மருந்து மருந்துதான். ஆனா துணியை விட்டுட்டு வெறும் மருந்தைக் கொடுத்தா, ஓட்டைக் குடத்துல தண்ணி ஊத்துற கதைதான்.

அந்த அம்மா ஒண்ணு சொன்னாங்க: "மிஷினுக்கு அடியில அவ்வளவு சேறு சார். இவரைத்தான் கழட்டச் சொன்னேன். மூக்கைப் பொத்திக்கிட்டாரு."

23/
அதுக்காகத்தான் கடைசியா இது. துணி துவைக்கிறது மெஷின் வந்த பிறகும் பெரும்பாலான வீட்ல பெண்கள் வேலையாத்தான் இருக்கு. இப்போ "மாசம் ஒரு தடவை மெஷினையும் கழுவுங்க"ன்னு நான் எழுதினா, அது அவங்க தலையில இன்னொரு வேலையா விழும். அதுக்கு நான் உடந்தையா இருக்க மாட்டேன்.

ஆகவே ஆண்களே, இந்த வேலை நம்மளோடது. பைக்கை வாராவாரம் துடைக்கிறோம்ல? மாசத்துல முதல் ஞாயித்துக்கிழமை, ஒரு பழைய டூத் பிரஷ், ஒரு ஸ்க்ரூ ட்ரைவர், 100 கிராம் எலுமிச்சை உப்பு. ஒரு மணி நேர வேலை. உங்க வீட்டு ஃபில்டர்ல என்ன கிடைச்சுதுன்னு கீழே வந்து சொல்லுங்க. எனக்குக் கிடைச்ச ரெண்டு ரூபாயை அம்மாகிட்டயே கொடுத்துட்டேன்.


அரசு மருத்துவர், புதுக்கோட்டை